முகவரி இழந்த அணு

ஒரே ஓர் அணுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறந்த இடம், கிடந்த இடம், கைமாறிய கைகள், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். பழைய நாணயத்தைப் பற்றியும் கோயிலிலிருந்து காணாமல்போன சிலையைப் பற்றியும் அப்படித்தானே எழுதுகிறோம்? நான் எடுத்துக்கொண்டது ருபிடியம்-87 என்ற அணு. 1995 ஜூன் 5 அன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பொருள்நிலைக்குள் நுழைந்த ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்களில் ஒன்று.

இரண்டாயிரத்தில் எது என்று இப்போதே கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை போய் முட்டிக்கொண்டு நிற்கப்போகிறது.

கல்லுக்குள் இருந்த காலம்

நம் அணு பிறந்தது சூரியனுக்கும் முன்னால். இரும்பைவிடக் கனமான தனிமங்களை விண்மீனின் வழக்கமான எரிப்பால் ஆக்க முடியாது. முதிர்ந்த விண்மீன்களுக்குள்ளும் பெரும் விண்வெடிப்புகளிலும் நியூட்ரான்கள் வந்து வந்து ஒட்டிக்கொண்டு கனமான அணுக்கருக்கள் உருவாகின்றன. அப்படி உருவான ஒரு கருவில் 37 புரோட்டான், 50 நியூட்ரான். சுற்றிலும் 37 எலக்ட்ரான். மூன்றையும் கூட்டினால் 124, இரட்டைப்படை எண். இந்த அணுவின் ஜாதகத்தில் உள்ள ஒரே ராஜயோகம் அந்த இரட்டைப்படைதான். அது பலன் தர 460 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கறாராகப் பார்த்தால் இது சாகாவரம் பெற்ற அணுவும் இல்லை. கதிரியக்கம் உடையது, என்றாவது ஒரு நாள் சிதைந்து ஸ்ட்ரான்சியமாக மாறும். ஆனால் ஒரு குவியலில் பாதி அணுக்கள் அப்படி மாறவே ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். இவ்வளவு நிதானமாகச் சிதைவதால் புவியியலாளர்கள் பழம்பாறைகளின் வயதைக் கணிக்க இதை ஒரு கடிகாரமாகப் பயன்படுத்துகிறார்கள்.

பூமி உருவானபோது அதோடு சேர்ந்து வந்த இந்த அணுக்கள் பாறைக்குள் அடங்கின. ருபிடியம் தனக்கென்று பெரிய சுரங்கம் வைத்துக்கொள்ளாத தனிமம். வேறு தனிமங்களின் கனிமங்களில் ஒட்டுக்குடித்தனம் நடத்தும். அப்படி ஒரு வீடு லெப்பிடோலைட். நம்மூரில் காக்காப்பொன் என்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்த, இளஊதா நிறத்தில் ஏடு ஏடாக உரியும் கல்.

1861-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ராபர்ட் பன்சனும் குஸ்டாவ் கிர்க்காஃபும் அந்தக் கல்லிலிருந்து பிரித்த உப்பைத் தீயில் காட்டி, சுடரின் ஒளியை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் பன்சன் பர்னர் பற்றவைத்தவர்கள் எல்லோரும் உச்சரித்த அதே பன்சன். சிவப்பின் கடைசி எல்லையில், கண் பார்வை முடிந்துபோகும் இடத்தில், அடர்சிவப்பாக இரண்டு கோடுகள் தெரிந்தன. அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அந்தக் கோடுகள் இல்லை. அடர்சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘ருபிடியம்’ என்று பெயர் வைத்தார்கள். 150 கிலோ கல்லை அரைத்துக் கரைத்துத்தான் கொஞ்சம் உப்பு கிடைத்தது.

அந்தச் சிவப்புக் கோடுகளில் ஒன்றின் அலைநீளம் 780 நானோமீட்டர். பெயர் வாங்கித்தந்த அந்தக் கோடுதான் பிற்பாடு இந்த அணுவைப் பிடிக்கும் கயிறாகவும் ஆனது.

உப்பிலிருந்து பிரித்தெடுத்தால் ருபிடியம் வெள்ளி நிறத்தில் மின்னும் மென்மையான உலோகம். 39.3 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காய்ச்சல் முற்றிய உடம்பின் சூடே போதும். ஆனால் தொட்டுப்பார்க்க முடியாது. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் ஆய்வகங்களுக்கு அது காற்றுப் புகாமல் மூடிய கண்ணாடிக் குப்பியில்தான் வந்து சேர்கிறது. கல்லிலிருந்து விடுதலையான நம் அணுவுக்குக் கண்ணாடிச் சிறை.

டாக்காவிலிருந்து ஓர் உறை

அணு கல்லுக்குள் கிடக்கும்போதே அதைப் பற்றிய ஒரு கணக்கு வங்காளத்தில் நடந்துகொண்டிருந்தது. 1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸ் இயற்பியல் ஆசிரியர். வயது 30. சூடான பொருள் எந்தெந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வீசும் என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் சொன்ன சூத்திரம் சரியாக இருந்தது. அதை நிரூபித்த வழி மட்டும் போஸுக்குத் திருப்தி தரவில்லை. பழைய இயற்பியலும் புதிய இயற்பியலும் ஒட்டுப்போட்ட துணிபோல இருந்தது அது. ஒளித்துகள்களை வேறு மாதிரி எண்ணினால் சூத்திரம் தானாக வந்துவிடுகிறது என்று அவர் கண்டார்.

வேறு மாதிரி எண்ணுவது என்றால் என்ன? பல்லாங்குழிப் பலகையில் இரண்டே இரண்டு குழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புளியங்கொட்டைகள். ஒன்றில் சுண்ணாம்பால் புள்ளி வைத்து ‘முத்து’ என்றும், புள்ளியில்லாததை ‘மணி’ என்றும் அழைப்போம். கண்ணை மூடிக்கொண்டு குழிகளில் போட்டால் எத்தனை விதமாக விழும்? இரண்டும் இடக்குழியில், இரண்டும் வலக்குழியில், முத்து இடம், மணி வலம், மணி இடம், முத்து வலம். நான்கு விதம். அதில் இரண்டு விதங்களில் அவை சேர்ந்திருக்கின்றன. பாதிக்குப் பாதி.

இப்போது சுண்ணாம்புப் புள்ளியைத் துடைத்துவிடுங்கள். வெறுமனே துடைத்தால் போதாது. எந்தப் பூதக்கண்ணாடியாலும் எந்தக் கடவுளாலும் இரண்டையும் வேறுபடுத்த முடியாது என்ற அளவுக்குத் துடைக்க வேண்டும். அப்படியானால் மூன்றாவது விதமும் நான்காவது விதமும் ஒன்றுதான்: ‘குழிக்கு ஒன்று’. மொத்தம் மூன்று விதங்களே. அதில் இரண்டில் அவை சேர்ந்திருக்கின்றன. பாதியாக இருந்தது மூன்றில் இரண்டாக உயர்ந்துவிட்டது. கொட்டைகளுக்கு நடுவே பசை தடவவில்லை, காந்தம் வைக்கவில்லை. பெயரைத் துடைத்தோம், கூடியிருக்கும் சுபாவம் வந்துவிட்டது.

உண்மையான புளியங்கொட்டைகள் இப்படி நடக்காது. அவற்றில் ஏதாவது கீறல், ஏதாவது வடு இருக்கும். ஒளித்துகள்கள் நடக்கின்றன என்பதுதான் போஸின் கண்டுபிடிப்பு.

பிரிட்டனின் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழ் அந்தக் கட்டுரையை வெளியிடவில்லை. 1924 ஜூன் 4 அன்று போஸ் அதை ஒரு கடிதத்தோடு பெர்லினிலிருந்த ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். இருவருக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை மேகநாத சாஹாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்ற அறிமுகம் மட்டும் உண்டு. ஐன்ஸ்டைன் படித்தார், தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்தார், இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும் சேர்த்து ஜெர்மன் இயற்பியல் இதழில் வெளியிடச் செய்தார். உலகின் மிகப் பெரிய இயற்பியலாளர், டாக்காவில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒளிக்குப் பொருந்தும் கணக்கு அணுக்களுக்கும் பொருந்தினால் என்ன ஆகும் என்று கேட்டு, 1925-க்குள் விடையையும் எழுதிவிட்டார். வாயுவைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குக் கீழே, அணுக்கள் ஒன்றையொன்று இழுக்காமலே கூட்டம் கூட்டமாக ஒரே ஆற்றல்நிலையில், இருப்பதிலேயே கடைசிப் படியில், போய் உட்காரும். தாம் சொன்னதில் அவருக்கே சந்தேகம் இருந்தது. கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அதில் உண்மை உண்டா என்ற தொனியில் நண்பர் ஏரன்ஃபெஸ்டுக்கு எழுதினார்.

எல்லா அணுக்களும் இப்படி நடக்காது. ரயிலில் ரிசர்வேஷன் பெட்டியும் அன்ரிசர்வ்ட் பெட்டியும் இருக்கிறதல்லவா? எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் ரிசர்வேஷன் பயணிகள். ஓர் இருக்கைக்கு ஒருவர்தான். இவர்களை பெர்மியான் என்கிறார்கள். ஆனால் இரட்டைப்படை எண்ணிக்கையில் பெர்மியான்கள் சேர்ந்து ஓர் அணுவானால், அந்த அணு மொத்தமாக அன்ரிசர்வ்ட் பயணியாகிவிடுகிறது. ஒரே இடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறலாம். அவர்கள் போசான்கள்; பால் டிராக் போஸின் பெயரால் இட்ட பெயர். நம் அணுவின் 124 இப்போது புரிந்திருக்கும்.

கணக்கு வந்தது, பொருள் வரவில்லை. 1938-ல், 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்த திரவ ஹீலியம் உராய்வே இல்லாமல் ஓடுவது தெரியவந்தது. ஐன்ஸ்டைன் சொன்னது இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று ஃப்ரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் சொன்னார். ஆனால் திரவத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு இருப்பதால் தூய வடிவில் அதைப் பார்க்க முடியவில்லை. போஸ் 1974 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் வங்காளத்திலேயே அறிவியல் எழுதவும் பேசவும் ஓர் அமைப்பை 1948-ல் தொடங்கி, அதற்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார். தாய்மொழியில் அறிவியலைச் சொல்ல முடியாது என்பவர்களோடு கடைசிவரை அவர் ஒத்துப்போகவில்லை. தம் பெயர் தாங்கிய பொருள்நிலையை மட்டும் அவர் பார்க்கவில்லை.

வெல்லப்பாகில் விழுதல்

இனி போல்டர். கொலராடோ பல்கலைக்கழகமும் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜிலா ஆய்வகம். எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் அவர்களுடைய மாணவர்களும் சேர்ந்து அமைத்திருந்தது, கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு கண்ணாடிக் கலம். உள்ளே ஏறத்தாழ முழு வெற்றிடம். அதில் மிக மெல்லிய ருபிடியம் ஆவி.

அறை வெப்பநிலையில் நம் அணுவின் வேகம் விநாடிக்கு 270 மீட்டர் அளவில் இருக்கும். பயணிகள் விமானத்தின் வேகம். அணுவின் உலகில் சூடு என்பது இந்த ஓட்டம்தான். குளிர்விக்க வேண்டுமென்றால் ஓட்டத்தை அடக்க வேண்டும். எதைக் கொண்டு? எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் பாத்திரத்தின் சுவர் அணுவைவிடச் சூடாக இருக்கும். சுவரே இல்லாத பாத்திரம் வேண்டும்.

அதற்குத்தான் ஒளி. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளித்துகள் எதிரே வந்து மோதினால் ருபிடியம் அதை விழுங்கிக்கொள்ளும். ஒரு மோதலில் வேகம் குறைவது விநாடிக்கு 6 மில்லிமீட்டர் மட்டுமே. எறும்பின் நடையைவிடக் குறைவு. உருண்டு வரும் கால்பந்தைப் புளியங்கொட்டை எறிந்து நிறுத்தப் பார்ப்பதுபோல. ஆனால் சளைக்காமல் எறிந்தால்? விநாடிக்கு ஒரு கோடி முறைக்கு மேலும் அந்த அணு ஒளித்துகள்களை விழுங்கி விழுங்கி உமிழும். 45,000 மோதல் என்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் வேலை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னாலிருந்து வரும் ஒளித்துகளையும் அணு விழுங்கினால் வேகம் கூடிவிடுமே? லேசரின் அதிர்வெண்ணை அணு விரும்புவதைவிட ஒரு மயிரிழை குறைத்து வைத்துவிட்டார்கள். எதிர்த்து ஓடிவரும் அணுவுக்கு மட்டும் அது கூடித் தெரியும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்பதுபோல. விலகிப்போகும் அணுவுக்கு அந்த ஒளி பொருந்தாது. ஆறு திசைகளிலிருந்தும் இப்படி லேசர் அடித்தால், அணு எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்க்காற்று. 1985-ல் ஸ்டீவன் சூவின் குழு பெல் ஆய்வகத்தில் இதைச் செய்துகாட்டியபோது வைத்த பெயர் ஒளிப்பாகு. பொருத்தமான பெயர், வெல்லப்பாகில் விழுந்த எறும்பின் கதிதான் அணுவுக்கு. மூன்றாண்டு கழித்து வில்லியம் ஃபிலிப்ஸ் அளந்து பார்த்தபோது, கணக்கு அனுமதித்ததைவிடவும் பாகு அதிகமாகக் குளிர்ந்திருந்தது. சோதனை கணக்கைவிட நன்றாக வருவது இயற்பியலில் அபூர்வம்.

போல்டர்க்காரர்களுக்கு இன்னோர் அதிர்ஷ்டமும் இருந்தது. அந்தக் காலத்துச் சிடி பிளேயர் தட்டைப் படிக்க உள்ளே வைத்திருந்த குட்டி லேசரின் நிறமும் 780 நானோமீட்டர் பக்கம்தான். சினிமாப் பாட்டு கேட்கச் செய்த மலிவான பொருள், ஹைடல்பெர்க்கில் தெரிந்த சிவப்புக் கோட்டோடு ஒத்துப்போயிற்று.

காந்தப்புலத்தையும் சேர்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் போலப் பொறுமையாகச் சேகரித்தால் கலத்தின் நடுவே ஒரு கோடி அணுக்கள் கூடும். வெறுங்கண்ணுக்கு அந்தச் சிவப்பு சரியாகப் பிடிபடாது. கேமரா திரையில் பார்த்தால் அந்தரத்தில் மிதக்கும் ஒரு வெளிச்சப் பொட்டு. வெப்பநிலை, தனிச்சுழிக்கு (குளிரின் கடைசி எல்லைக்கு) மேலே ஒரு டிகிரியில் லட்சத்தில் சில பங்கு. விண்வெளியின் வெட்டவெளியே 2.7 கெல்வின். அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குளிர். இருந்தும் போதவில்லை. ஒளியே இப்போது இடைஞ்சல். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அணு எப்படி அடங்கும்? விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான்.

மண்பானையின் வித்தை

இருட்டில் அணுக்களைப் பிடித்து வைப்பது காந்தம். ஒவ்வொரு ருபிடியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம் என்பதால் காந்தப்புலத்தால் ஒரு கிண்ணம் செய்து அதில் கொட்டிவைக்கலாம். ஆனால் அந்தக் கிண்ணத்தின் அடியில் ஓட்டை. நட்டநடுவில் புலம் சுழியாகும் இடத்தில் அணுவின் காந்தம் தலைகீழாகப் புரண்டுவிடும். புரண்ட அணுவைக் கிண்ணம் வெளியே தள்ளிவிடும். மிகக் குளிர்ந்த அணுக்கள்தாம் அடியில் தங்கும். ஆக நமக்கு வேண்டிய அணுக்கள்தாம் முதலில் ஒழுகும். கார்னெல் கண்ட தீர்வு, ஓட்டையை அடைப்பதைவிட்டு அதைச் சுற்றவிடுவது. விநாடிக்கு 7,500 முறை ஓட்டையை வட்டமடிக்கவைத்தார்கள். அணு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும்.

அடுத்தது குளிர்விக்கும் கடைசிக் கட்டம். இதற்கு நம் வீட்டு மண்பானையைவிட நல்ல ஆசான் இல்லை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீரில் வேகமான மூலக்கூறுகள் ஆவியாகிப் போய்விடுகின்றன. மிச்சமிருப்பவை சராசரியில் மந்தமானவை. அதனால் தண்ணீர் குளிர்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, பானையில் தண்ணீர் குறைவது. போல்டர் கிண்ணத்திலும் அதேதான். ரேடியோ அலையைக் கத்திபோலப் பிடித்து, கிண்ணத்தின் விளிம்புவரை துள்ளும் சூட்டிகையான அணுக்களை மட்டும் சீவித் தள்ளினார்கள். மிஞ்சியவை தங்களுக்குள் மோதிச் சமாதானமாகும். மறுபடி விளிம்பைக் கொஞ்சம் இறக்கு, மறுபடி சீவு. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். 40 லட்சம் அணுக்களோடு தொடங்கிய கிண்ணத்தில் கடைசியாக எஞ்சுவது சில ஆயிரம்.

நம் அணு சீவப்படாமல் தப்பியது என்று வைத்துக்கொள்வோம்.

இன்னோர் ஆபத்தும் இருந்தது. இந்தக் குளிரில் ருபிடியம் முறைப்படி இருக்க வேண்டிய வடிவம் திட உலோகம். வாயுவாக இருப்பதே விதிமீறல். ஏன் உறைந்து கட்டியாகவில்லை? இரண்டு அணுக்கள் கைகோத்து மூலக்கூறாக வேண்டுமென்றால் மிஞ்சும் ஆற்றலை எடுத்துச்செல்ல மூன்றாவது அணு ஒன்று அதே நொடியில் அருகில் இருக்க வேண்டும். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சி வேண்டும் என்பதுபோல. அந்த வாயு நாம் மூச்சுவிடும் காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிந்தது. சாட்சி வருவது அபூர்வம். அவர் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். இந்தப் பொருள்நிலை முழுக்கவும் அப்படிக் கடன் வாங்கிய நேரத்தில்தான் வாழ்கிறது.

பதினைந்து விநாடி

ஒவ்வொரு அணுவும் ஓர் அலையும்கூட என்பது குவாண்டம் இயற்பியலின் அரிச்சுவடி. அறை வெப்பநிலையில் ருபிடியம் அணுவின் அலை 0.01 நானோமீட்டர் அகலம், அணுவைவிடவே சிறியது. அதனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேகம் குறையக் குறைய அலை விரியும். 170 நானோகெல்வினில், அதாவது தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவான சூட்டில், அது நாற்பதாயிரம் மடங்கு விரிந்து அரை மைக்ரானைத் தொடும். பக்கத்து அணுவும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்குகின்றன.

பல்லாங்குழிக்குத் திரும்புவோம். அறை வெப்பநிலையிலும் நம் அணுவுக்கும் பக்கத்து அணுவுக்கும் முகவேறுபாடு கிடையாது. ஆனாலும் ‘அந்த மூலையில் ஓடுவது நம்முடையது’ என்று சுட்டிக்காட்ட முடிந்தது. பெயர் இல்லாவிட்டாலும் முகவரி இருந்தது. இப்போது முகவரியும் கரைகிறது. அலை மேல் அலை ஏறியபின் இது இன்னார் வீடு என்று எல்லை பிரிக்க முடியாது. அந்த நொடியில் போஸின் எண்ணும் முறை நடைமுறைக்கு வருகிறது. அணுக்கள் ஒன்றையொன்று இழுக்காமலே, ஐன்ஸ்டைன் சொன்ன அந்தக் கடைசிப் படியில் கும்பலாக இறங்குகின்றன. இரண்டாயிரம் அணுக்களுக்கும் சேர்த்து ஒரே அலை. இதற்குத்தான் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்று பெயர்.

மயிரிழையின் குறுக்களவுக்குள் அடங்கும் அந்தப் பொட்டை எப்படிப் பார்த்தார்கள்? கிண்ணத்தைச் சட்டென்று எடுத்துவிட்டார்கள். அணுக்கள் கீழே விழுந்துகொண்டே விரியும். விரிந்ததும் லேசரை ஒருமுறை மின்னவிட்டு, விழும் நிழலைப் படம் பிடித்தார்கள். நிழலின் அடர்த்தியை மேடு பள்ளமாகக் கணினி வரைந்தது. சூடான அணுக்கள் மட்டும் இருந்தபோது தாழ்வாகப் பரந்த ஒரு மணல்மேடு. குளிர்வித்ததும் மேட்டின் நடுவிலிருந்து ஒரு கூம்பு எழுந்தது. இன்னும் குளிர்வித்ததும் மேடு போய்க் கூம்பு மட்டும் நின்றது.

கூம்பு எழுந்தது மட்டும் சாட்சியாகிவிடாது. கருவியின் கோளாறு என்றும் சொல்லலாம். அசையாத சாட்சி அதன் வடிவத்தில் இருந்தது. சாதாரண வாயு விரிந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, வட்டமாக விரியும். இது நீள்வட்டமாக விரிந்தது. கிண்ணம் எந்தப் பக்கம் இறுக்கமாகப் பிடித்திருந்ததோ அந்தப் பக்கம்தான் அதிக வேகத்தில் விரிந்தது. ஓர் அலையை இறுக்கிப் பிடித்துவிட்டால் அது அப்படித்தான் திமிறும். தனித்தனி அணுக்களின் கூட்டம் அப்படிச் செய்யாது.

டாக்காவில் போஸ் கடிதத்தில் தேதி போட்டு 71 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. கிண்ணத்தில் வைத்தால் அந்தச் செறிபொருள் 15 விநாடிக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆனால் படம் எடுத்தால் அந்த நொடியே போச்சு. மின்னிய ஒளி அணுக்களை உதைத்துச் சூடாக்கிச் சிதறடித்துவிடும். அடுத்த படத்துக்கு மறுபடி ஒரு கோடி அணுக்களைச் சேகரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் வரலாறு முட்டிக்கொண்டு நிற்கிறது. கிண்ணத்துக்குள் ஓர் அணு போனது. ஒளி மின்னியபின் ஓர் அணு தெறித்து வெளியே வந்தது. போனதுதானா வந்தது? திருடுபோன சிலையென்றால் பீடத்தில் ஒரு கீறலையோ உடைந்த விரலையோ காட்டி, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, எங்கள் ஊர்ச் சிலைதான் என்று நிரூபிக்கலாம். அணுவின் உடம்பில் கீறல் கிடையாது. நடுவில் அதன் முகவரியும் இல்லாமல் போயிருக்கிறது. நமக்கு விடை எட்டவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. இயற்கையிடமே அந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

முகவரி திரும்பக் கிடைத்த கதை

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அதே ஆண்டு செப்டம்பரில் எம்.ஐ.டி.யில் வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் இன்னும் பெரிய செறிபொருளைச் செய்தார். 1997-ல் இரண்டு செறிபொருள்களை ஒன்றன்மேல் ஒன்று படரவிட்டபோது, குளத்தில் இரண்டு கல் எறிந்தால் வளையங்கள் பின்னிக்கொள்வதுபோல இருளும் ஒளியுமாகப் பட்டைகள் தெரிந்தன. பொருளோடு பொருள் கூடிய இடத்தில் பொருளே இல்லாத கோடுகள்! 1999-ல் லேனே ஹாவ் குளிர்ந்த சோடியம் அணுக்களுக்குள் ஒளியின் வேகத்தை விநாடிக்கு 17 மீட்டராக இறக்கிக் காட்டினார். நம்மூர்ப் பேருந்தோடு போட்டி போடும் ஒளி. 2001-ல் கார்னெல், கெட்டர்லே, வீமன் மூவருக்கும் நோபல் பரிசு.

அதே ஜிலாவில் டெபோரா ஜின் ரிசர்வேஷன் பயணிகளையே வசப்படுத்தினார். பொட்டாசியம்-40 அணுவில் துகள்கள் மொத்தம் 59, ஒற்றைப்படை. இருக்கை பகிராத ஜாதி. 2003 இறுதியில் அவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துச் செறியவைத்தார். ஜோடியாக எண்ணினால் இரட்டைப்படைதானே!

எனக்கு இவற்றில் மனம் போய் நிற்பது 2002-ல் மியூனிக்கில் இம்மானுவேல் ப்ளாக்கின் குழு செய்ததில். ருபிடியம்-87 செறிபொருளின் மேல் லேசர்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, ஒளியாலேயே குழிகள் செய்தார்கள். அடுக்கடுக்காய் நிற்கும் இட்லித் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழிகள் மேலோட்டமாக இருக்கும்வரை மாவு எல்லாக் குழிகளிலும் பரவி நிற்பதுபோல ஒவ்வோர் அணுவும் எல்லாக் குழிகளிலும் இருந்தது. ஒளியைக் கூட்டிக் குழிகளை ஆழமாக்கினார்கள். ஒரு கட்டத்தில் பொது அலை அறுந்து, குழிக்கு இத்தனை என்று கணக்காக அணுக்கள் அடங்கின. முகவரி திரும்பிவிட்டது. ஒளியைக் குறைத்ததும் முகவரிகள் மறுபடி கரைந்து பொது அலை வந்துவிட்டது. அடையாளம் என்பது ஒரு குமிழைத் திருகினால் கூடவும் குறையவும் கூடியதாக ஆய்வக மேசையில் கிடந்தது.

பூமியில் இந்த ஆட்டத்துக்கு ஈர்ப்புவிசை ஒரு தடை. கிண்ணத்தை எடுத்ததும் அணுக்கள் விழுந்துவிடுகின்றன. பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரமே. 2018-ல் சிறிய ஃப்ரிட்ஜ் அளவுள்ள ஒரு பெட்டியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே வெற்றிடக் கலம், லேசர்கள், கொஞ்சம் ருபிடியம். விண்வெளி வீரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, கலிஃபோர்னியாவில் உட்கார்ந்தபடி பொறியாளர்கள் அந்தப் பெட்டியை இயக்குகிறார்கள். அங்கே விடப்பட்ட செறிபொருள் விழுவதில்லை. மிதந்தபடி மெல்ல விரிகிறது. விண்மீனில் பிறந்த தனிமம், பூமியின் கல்லுக்குள் 400 கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடந்துவிட்டு, மறுபடி மேலே போயிருக்கிறது.

போல்டரின் அந்த ஜூன் மாத அணு? லேசர் மின்னியதும் அது தெறித்துப் போய்க் கலத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும். அல்லது பம்பு அதை உறிஞ்சியிருக்கும். எங்கிருந்தாலும் அதே 37 புரோட்டான், அதே 50 நியூட்ரான், மேலே ஒரு கீறல் இல்லை. 4,900 கோடி ஆண்டுக் கணக்கில் அதற்கு வயது ஏறியதாகவே சொல்ல முடியாது. பிறப்பை எழுதிவிட்டேன், கல்லை எழுதிவிட்டேன், குப்பியையும் பாகையும் எழுதிவிட்டேன். நடுவில் 15 விநாடிக்கு மட்டும் ‘அது’ என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தச் சுண்ணாம்புப் புள்ளியை ஒருவர் 1924-லேயே டாக்காவில் துடைத்துவிட்டார்.